வாசலோரப் பாய்

ஜூன் 3, ஞாயிறு

"டீச்சர், நான் ஒருத்தி மட்டுந்தான் வந்திருக்கேன். இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, லீவா?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடைமழை நாள் ஒன்றில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றாள். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நீ வந்துட்டே, நான் வந்துட்டேன். அப்போ உண்டு" என்றேன். அன்று முழுக்க அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு. வகுப்பு நிரம்பி வழிந்த நாட்கள் எத்தனையோ மறந்துபோயின. அந்த நாள் மறக்கவில்லை.

இன்று காலை ஆலஞ்செவல் பஞ்சுக் குடோனில் நின்றபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பத்துப் பாய் விரித்திருந்தோம். வந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா, பஞ்சர் கடை கருப்பசாமி, அவர் மனைவி மாரியம்மாள். என்னையும் சேர்த்தால் நாலு பேர். 'உண்டு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முதல் பாட்டை எடுத்தேன். வழக்கம்போல ரொம்ப மேலே எடுத்துவிட்டேன். இரண்டாவது சரணத்தில் நாலு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

எங்கள் வட்டாரத்துப் பாதிரியாரான சேகர குரு தனசிங் ஐயருக்கு ஏற்கெனவே கை நிறைய ஊர்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர் வந்து அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் என் பொறுப்பு. செப்டம்பர் மாத அறுப்பின் பண்டிகை வரை ஆட்கள் நிலைத்து வந்தால் ஆலஞ்செவல் தனிச் சபை ஆகும். இல்லையென்றால் குடோன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்போல ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து டவுன் கோயிலுக்குப் போக வேண்டியதுதான்.

"ஆரம்பிச்ச விதத்தை அப்பப்ப எழுதி வையுங்க டீச்சர். நாளைக்கு இன்னொரு ஊர்ல ஆரம்பிக்கிறவங்களுக்குக் கொடுக்கலாம்" என்றார் ஐயர்.

ஆகவே இது சபைக் குறிப்பு. வீட்டு விஷயம் இதில் வரக் கூடாது.

ஜூன் 5, செவ்வாய்

இடத்தைத் தயார் செய்வது பற்றி எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு உதவும்.

குடோன் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. சுவர் இடுக்கு, உத்தரம், ஓட்டுச் சந்து எங்கும் பஞ்சு. ஒரு பக்கம் கூட்டினால் மறு பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் தெளித்துக் கூட்ட வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும். இதைக் கண்டுபிடித்துச் செய்து முடித்தவர் என் கணவர் ஆசீர்வாதம். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேன் மாட்டியதும் அவர்தான். ஞாயிறு விடியலில் பாய்களை நூல் பிடித்தாற்போல வரிசையாக விரித்ததும் அவர்தான்.

நான் பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்ததும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சதும் சொல்லு, டீச்சர். பாயைச் சுருட்ட வாரேன்."

என்னைக் கேலி செய்யும்போதும், எதையோ தவிர்க்கும்போதும்தான் 'டீச்சர்' என்பார். மற்ற நேரம் சொர்ணம். எங்கள் மகன் எபி தவறிப்போன பிறகு, இந்த மூன்று வருடமாக, அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் கால் வைக்கவில்லை. சண்டை போட்டதில்லை, யாரையும் குறை சொன்னதுமில்லை. செருப்பைப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

சொந்த ஊரான நல்லாயன்புரத்தில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவருடையது. நான் எத்தனை மேலே எடுத்தாலும் கீழே ஒரு குரல் இருக்கிறது, விழ விடாது என்கிற தைரியம் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் தொண்டை கட்டியது அந்தக் குரல் இல்லாததால்தான்.

பாய் விரிப்பது சபை விஷயம். அதனால் இதை எழுதலாம்.

ஜூன் 10, ஞாயிறு

ஆறு பேர். ஜெபத்தின் நடுவே ஐந்து தும்மல்.

ஜூன் 17, ஞாயிறு

தனசிங் ஐயர் வந்தார். முதல் திருவிருந்து. ஃபேன் காற்றில் மேலிருந்து பஞ்சு உதிர்ந்து ஐயர் தலையில் உட்கார்ந்தது. "ஐயருக்கு ஒரு பிரசங்கத்துல நரைச்சிட்டு" என்றார் கருப்பசாமி. எல்லாருக்கும் கேட்டுவிட்டது, ஐயருக்கும்தான். அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு நடந்த ஆராதனை நன்றாக இருந்தது. சிரித்து முடித்த வகுப்பில் பாடம் இறங்குவதைப் போல.

போகும்போது ஐயர் கேட்டார்: "ரிட்டையர் ஆனதும் ஏன் டீச்சர் இந்த ஊருக்கு வந்தீங்க? நல்லாயன்புரத்துல சொந்த வீடு இருக்கே?"

"இங்க வாடகை குறைவு, ஐயரே."

"சொந்த வீட்டுக்கு வாடகையே இல்லியே" என்றவர், மேலே கேட்காமல் பேச்சை மாற்றினார். "அண்ணாச்சி உள்ள வரலியா?"

"பாய் விரிச்சதெல்லாம் அவங்கதான்."

கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல், தெரிந்த வேறொரு விடையை அழகாக எழுதி வைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நான் பாதி மதிப்பெண்ணாவது போடுவேன். ஐயர் எனக்கு முழு மதிப்பெண்ணே போட்டுவிட்டார்.

ஜூன் 27, புதன்

மாரியம்மாள் கைப்பிடி அரிசிப் பானை வைத்துவிட்டாள். சோறு வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைக் கோயிலுக்கென்று எடுத்துத் தனியே போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ரெஜினா சொல்லிக்கொடுத்தாளாம். பண்டிகை அன்று அந்த அரிசியில்தான் எல்லாருக்கும் சாப்பாடு.

கருப்பசாமிக்கு ஆள் போதவில்லை என்ற கவலை. "கடைக்கு வாரவனையெல்லாம் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துரட்டுமா டீச்சரம்மா? டியூபை வாங்கி வச்சிக்கிட்டு, ஜெபத்துக்கு வந்தாத்தான் ஒட்டித் தருவேம்னா வந்துருவான்."

அவருக்கு ஓர் உதாரணம் சொன்னேன். முதல் நாள் பள்ளிக்கூடம் வரும் பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழும். கையைப் பிடித்து இழுத்தால் மறுநாள் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு அழும். நான் இழுக்க மாட்டேன். வாசலிலேயே ஒரு பாயைப் போட்டு, சிலேட்டைக் கொடுத்துவிட்டு, என் பாட்டுக்குப் பாடம் நடத்துவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் எழுந்து ஓடிவிடும். இரண்டு மூன்று நாளில் பிள்ளை தானாக நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்திருக்கும்.

"அப்போ இழுக்க வேண்டாங்கீய."

"வேண்டாம்."

"டியூபைப் பிடிச்சு வைக்கவும் வேண்டாம்?"

"வேண்டாம்யா."

வருத்தத்தோடு போனார்.

ஜூலை 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கருப்பசாமி எழுந்து நின்றார். அவர் நம்பிக்கைக்கு வந்து ஒரு வருடந்தான் ஆகிறது. வேகம் அதிகம்.

"ஒரு விசயம். எங்க தெருவுல அம்மன் கோயில்ல மணி அடிக்கு. சந்தை முக்குல பாங்கு சொல்லுதாவ. நாம மட்டும் களவாணிப் பய மாதிரி சத்தமில்லாம உள்ள வாரோம், சத்தமில்லாம வெளிய போறோம். நமக்கு ஒரு மணி வேண்டாமா?"

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ரெஜினா கை தட்டவே செய்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, மணி பார்க்கத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் மணி வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் என்று அடுக்கினேன். எத்தனை காரணம் சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. ஒரே கேள்விக்கு நிறைய விடை எழுதும் பிள்ளைக்கு விடை தெரியாது என்று பொருள்.

"பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்" என்று நிறுத்தினேன்.

பாயைச் சுருட்ட வந்த என் கணவர் கேட்டார்: "என்ன உள்ள ஒரே சத்தம்?"

"ஃபேன் பத்திப் பேச்சு."

ஜூலை 9, திங்கள்

இது வீட்டு விஷயம். ஐயரிடம் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தை மடித்து ஒட்டிவிட வேண்டும்.

நல்லாயன்புரத்தில் கோயில் மணி இரண்டு விதமாக அடிக்கும். ஆராதனைக்கு அடிப்பது மடமடவென்று, மூச்சு விடாமல். முதல் மணிக்குப் பெண்கள் தலை வாரிக்கொள்வார்கள். இரண்டாம் மணிக்கு ஊரே தெருவில் நடக்கும். யாராவது இறந்துபோனால் அடிப்பது வேறு. ஓர் அடி. அந்தச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகு இன்னோர் அடி. இறந்தவரின் வயதுக்கு எத்தனையோ அத்தனை அடி. வயல்காட்டில் நிற்பவர்கள் எண்ணிப் பார்த்தே யார் என்று ஊகித்துவிடுவார்கள்.

எபியைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த அன்று, மணி அடிப்பவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். "நான் அடிக்கேன்" என்று என் கணவரே போய்க் கயிற்றைப் பிடித்தார். யாரும் தடுக்கவில்லை. நான் உள்ளே எபியின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எபியின் வயது வருவதற்கு முன்பே மணி நின்றுவிட்டது. மீதியை யாரும் அடிக்கவில்லை.

அதன் பிறகு காலையிலும் மாலையிலும் அந்த மணி அடிக்கும்போதெல்லாம் இவர் வீட்டை விட்டு எங்காவது போய்விடுவார். கிறிஸ்தவக் கோயில் மணியே காதில் விழாத ஊராகப் பார்த்து வந்தோம். வந்த பிறகு எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பாட்டுக்கும் ஒரு ஜெபத்துக்கும் மனம் ஏங்கியது. மணியில்லாத கோயில் ஒன்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும் என்று நினைத்தேன். அவரும் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அரிசி மாவு அரைக்க வேண்டும். முருங்கைக்கீரை வாங்க வேண்டும்.

ஜூலை 22, ஞாயிறு

ஆடிக் காற்று. பாய்கள் பறக்கின்றன. ஒரு பாய் எழுந்து மாரியம்மாளைச் சுற்றிக்கொண்டது. இவர் கருப்பசாமி கடையிலிருந்து பழைய டயரை அறுத்து, பட்டை பட்டையாகக் கொண்டுவந்து, பாய் முனைகளில் பாரம் வைத்தார். பகலெல்லாம் இவருக்கு அந்தக் கடையில்தான் பொழுது போகிறது. டயர், ரோடு, எஞ்சின் என்று இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. கோயில் பேச்சு எடுப்பதில்லையாம். "அண்ணாச்சிக்குப் பிடிக்காதுன்னு தெரியும், டீச்சரம்மா" என்றார் கருப்பசாமி. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ரெஜினா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண். எனக்கு மகளாகும் வயது.

"டீச்சரே, ஒண்ணு சொல்லட்டா? ரெண்டாவது பாட்டுக்கு அங்கிள் வாசல்ல வந்து நின்னாங்க."

"பாரம் சரியா இருக்கான்னு பார்க்க வந்திருப்பாங்க."

"இல்ல டீச்சரே. செருப்பைக்கூடக் கழத்தினாங்க. ஆனா வாசல் பக்கம் பூரா ஆளு. காத்துக்காக எல்லாரும் அங்கதானே இருக்கோம்? உள்ள வரணும்னா எல்லாரையும் தாண்டி முன்னுக்கு வரணும். கொஞ்ச நேரம் பாத்துட்டு, மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

அழும் பிள்ளைக்கு வாசலில் பாய் போடச் சொல்லி ஊருக்குப் பாடம் நடத்தியவள் நான்.

ஜூலை 29, ஞாயிறு

வாசலோரப் பாயில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்கு டீச்சரம்மா அது?" என்றாள் மாரியம்மாள்.

"பிந்தி வாரவங்களுக்கு."

"யாரு பிந்தி வாரா? எல்லாரும் வந்தாச்சே."

"வருவாங்க."

காற்று வரும் இடம் போனதில் பலருக்கு வருத்தம். பாய் காலியாகவே இருந்தது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

வாசலோரப் பாயில் இன்று ஒரு நாய் வந்து படுத்தது. பிரசங்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் விரட்டவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இவர் போய்ப் பாய்களை விரித்துவிட்டு வந்து, முற்றத்து நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி முன்னால் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். குடோன் பக்கமிருந்து சத்தம் வந்தது.

டங்.

நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. சத்தம் முழுக்க அடங்கியது.

டங்.

பின் என் விரலில் குத்திவிட்டது. முற்றத்தில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன். மூன்று. நான்கு. பாதிப் பின்னலோடு ரெஜினா தெருவில் ஓடி வந்தாள்.

"டீச்சரே! ஆரு மரிச்சது?"

நான் வெளியே வந்தபோது நாற்காலி காலி. அதன் பக்கத்தில் அவருடைய செருப்பு இருந்தது. வெறுங்காலோடு போயிருக்கிறார்.

நானும் ரெஜினாவும் பின்னாலேயே ஓடினோம். குடோன் வாசலில் நிற்கும் வேப்பமரத்தில் லாரிச் சக்கரத்து இரும்பு டிஸ்க் ஒன்று கம்பியில் தொங்கியது. கருப்பசாமி வெள்ளை வேட்டியும் நெற்றி வியர்வையுமாக, வீல் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண் மூடியிருந்தது. அடுத்த அடிக்கு ஓங்கினார்.

"எய்யா, நிறுத்து!"

என் கணவரின் குரலை அத்தனை உயரத்தில் நான் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. கருப்பசாமி கண்ணைத் திறந்தார்.

"யாருக்குப்பா அடிக்கே?"

"ஆண்டவருக்கு, அண்ணாச்சி."

"ஆண்டவரு செத்தா போயிட்டாரு?"

"ஐயோ, என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதீய!"

"இப்பிடி நிறுத்தி நிறுத்தி அடிச்சா அது செத்த மணிப்பா. எழவு சொல்லுத மணி."

ஸ்பேனர் கருப்பசாமியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"எனக்குத் தெரியாதே. டீச்சரம்மா வேண்டாம்னாவ, சரி, அடிச்சுக் காட்டுனா சந்தோசப்படுவாவன்னு இப்பந்தான் கட்டுனேன். பைய அடிச்சா மரியாதையா இருக்கும்னு நெனைச்சேன். நான் என்ன பொறந்ததுலேருந்து கோயில் மணி கேட்டவனா? நேத்து வந்தவன்தான அண்ணாச்சி."

அவர் குரல் உடைந்துவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் திரும்பி வீட்டுக்கு நடந்துவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நான் பயந்துகொண்டிருந்த நாள் வந்தேவிட்டது, இனி இந்த ஊரையும் விட்டுப் போக வேண்டியதுதான் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் இவர் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். டிஸ்க்கைத் தடவிப் பார்த்தார்.

"நடுவுல அடிச்சா சத்தம் அமுங்கிரும். ஓரத்துல அடிக்கணும்." ஸ்பேனரை ஓரத்துக்கு நேராகப் பிடித்தார். "கூப்பிடுத மணி வேற மாதிரி. பஸ் கிளம்பப் போவுது, ஏறாதவன் ஓடி வாங்கற மாதிரி இருக்கணும். பாத்துக்கோ."

அடித்தார். மடமடவென்று, மூச்சு விடாமல். டீக்கடை வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. வேப்பமரத்திலிருந்து பழம் உதிர்ந்தது. சொல்லிக்கொடுக்க இவ்வளவு நேரம் வேண்டாம். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. கருப்பசாமி என்னைப் பார்த்தார். அடிக்கட்டும் என்று நான் தலையசைத்தேன். வியர்வையில் அவர் சட்டை முழுக்க நனைந்தது. தோள் தளர்ந்து, கை தானாகத் தாழ்ந்தபோதுதான் நின்றார். நான் எண்ணவில்லை.

"ரெண்டாம் மணி நீ அடி. நான் கேக்கேன்" என்று ஸ்பேனரைக் கருப்பசாமியிடம் கொடுத்தார். கருப்பசாமி அடித்தார். "இன்னும் வெரசா" என்றார் இவர். கருப்பசாமி வேகம் கூட்டினார். "ம், வண்டி கிளம்பிட்டு" என்றார்.

பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"சொர்ணம், செருப்பில்லாம வந்துட்டேன்."

குடோனுக்கு வரும் வழி முழுக்க நெருஞ்சி. இரண்டு பாதமும் முள். உட்கார இடம் தேடினார். பக்கத்தில் இருந்தது வாசலோரப் பாய்தான். அதில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். நாங்கள் உள்ளே போய் முதல் பாட்டை எடுத்தோம். பாட்டு முடிந்தபோதும் அவர் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். வேதவாசிப்பு முடிந்தபோதும் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தபோது ஆள் இல்லை.

நெருஞ்சி முள் பிடுங்க அவ்வளவு நேரம் பிடிக்காது.

ஆகஸ்ட் 13, திங்கள்

கருப்பசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ரெஜினா அவரிடம் மணியின் முறையையெல்லாம் விளக்கியிருக்கிறாள். முகம் வாடிக் கிடந்தது. இவர் முற்றத்தில் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"வயசுக்கு ஒரு அடியாமே அண்ணாச்சி. நான் யாரு, என்னன்னு தெரியாம..."

"விடுப்பா."

பிறகு இவர் சொன்னார்:

"எங்க பையன் ஒருத்தன் இருந்தான். எபி. மோட்டார்சைக்கிள்ல போயிட்டான். அவனுக்கு நாந்தான் அடிச்சேன். முடிக்கல."

எபியின் பெயரை இவர் இன்னொருவரிடம் சொல்லி இந்த மூன்று வருடத்தில் நான் கேட்டதில்லை. உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தேன்.

"அண்ணாச்சி," கருப்பசாமியின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நேத்து நீங்க அடிச்ச அடியில அது முடிஞ்சிருக்குமோ?"

"எண்ணலப்பா."

பழத்தை உரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

முதல் மணி இவர். இரண்டாம் மணி கருப்பசாமி. அப்படி ஒரு முறை வந்துவிட்டது. மணி கேட்டுப் புதிதாக இரண்டு குடும்பம் வந்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவர்கள். இங்கே கோயில் இருப்பதே தெரியாதாம்.

மணி அடித்து முடித்ததும் இவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். வீட்டுக்குப் போவதில்லை, உள்ளேயும் வருவதில்லை. என் இடத்திலிருந்து பார்த்தால் வாசல் சட்டத்துக்குள் அவருடைய ஒரு முழங்கால் மட்டும் தெரிகிறது. பிரசங்கம் வாசிக்கும்போது அந்த முழங்காலைப் பார்த்து வரி தவறிவிட்டேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

பாய் காலி. பாட்டு மேலே போய்விட்டது.

செப்டம்பர் 16, ஞாயிறு

பாய் காலி.

பொறுமை என்று பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். விதையைத் தினம் தோண்டிப் பார்க்காதே என்று உதாரணமும் கொடுத்திருக்கிறேன். சொல்வது சுலபமாக இருந்தது.

செப்டம்பர் 23, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை.

விளைச்சலில் முதல் பலனை ஆளாளுக்குக் கொண்டுவந்து மேசை முன்னால் வைத்தார்கள். முருங்கைக்காய்க் கட்டு, பூசணி, முட்டை, கால் கட்டிய சேவல். மாரியம்மாள் கைப்பிடி அரிசியைக் குத்துப்போணிப் பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள். கருப்பசாமி சைக்கிள் டயர் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து பூசணிமேல் சாத்தினார். "என் வெள்ளாமை இதுதான் ஐயரே" என்றார். ஐயர் அதற்கும் சேர்த்து ஜெபித்தார். ஆலஞ்செவல் இன்று முதல் தனிச் சபை என்று அறிவித்தார். பாய் போதாமல் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வாசலோரப் பாயில் ஒருவரும் உட்காரவில்லை. புதிதாக வந்த ஓர் அம்மா உட்காரப் போனபோது, மாரியம்மாளே "அதுக்கு ஆளு உண்டு, இங்கிட்டு வாங்க" என்று நகர்த்தினாள்.

பண்டிகைப் பாட்டை நான் எடுக்க வேண்டும். சந்தோஷத்தில் வழக்கத்தைவிட மேலே எடுத்துவிட்டேன். முதல் சரணத்திலேயே தெரிந்துவிட்டது. கூட்டம் ஒவ்வொருவராக மூச்சுத் திணறிக் குரலை விட்டது. இரண்டாம் சரணத்தில் கிட்டத்தட்ட நான் மட்டும் நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து, வாசல் பக்கமிருந்து, அடியில் ஒரு குரல் வந்து பாட்டைத் தாங்கியது. முதலில் சொல் இல்லை, வெறும் இழுப்பு. பிறகு சொல்லும் வந்தது. கூட்டம் அதன்மேல் ஏறி நின்று பாடியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரெஜினா பார்த்தாள். அவள் முகத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். கடைசி சரணத்தை இரண்டு முறை பாட வைத்தேன். ஐயர் ஏன் என்பதுபோலப் பார்த்தார்.

பாட்டு முடிந்து ஜெபமும் முடிந்த பிறகுதான் திரும்பினேன். பாயில் ஆள் இல்லை. பாயின் ஓரத்தில் வீல் ஸ்பேனர் கிடந்தது.

"கேட்டீங்களா டீச்சரே?" என்றாள் ரெஜினா.

"பாட்டு நல்லா இருந்துச்சு" என்றேன்.

மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"அவ்வளவு மேல எதுக்கு எடுக்கே சொர்ணம்? அடுத்த வாரம் கொஞ்சம் கீழ எடு. எல்லாருக்கும் தொண்டை வலிக்குல்லா."

"சரிங்க" என்றேன்.

செப்டம்பர் 24, திங்கள்

ஐயர் குறிப்பைக் கேட்டுவிட்டார். நாளை கொடுத்தனுப்ப வேண்டும். மடித்து ஒட்டியிருந்த பக்கத்தைத் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிட்டேன். இது சபை விஷயந்தான்.

எந்த ஊரில் ஆரம்பிக்கப் போகிறீர்களோ எனக்குத் தெரியாது. இடம், ஃபேன், மணி எல்லாம் உங்கள் ஊருக்கு ஏற்றபடி செய்துகொள்வீர்கள். இதை மட்டும் செய்து பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசலோரம் ஒரு பாயை விரித்து, அதில் யாரையும் உட்காரச் சொல்லாமல் விட்டுவையுங்கள்.